கரையில் ஒதுங்கிய ஜவ்வரிசி

2025 மே மாதக் கடைசி. தென்மேற்குப் பருவமழை அந்த ஆண்டு முந்திக்கொண்டு இறங்கியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் அலை ஏறி இறங்கும் விளிம்பு நெடுக வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. எட்ட நின்று பார்த்தால் கடல்நுரை. குனிந்து பார்த்தால் ஜவ்வரிசி. அள்ளி விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் நசுங்காது, தண்ணீரில் போட்டால் ஊறாது, ஊதினால் உருண்டோடும். அங்கங்கே அவிழாத மூட்டைகளும் ஒதுங்கியிருந்தன.

மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாள் கடலுக்குள் போனது. கொச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 38 கடல்மைல் தொலைவு. மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினார்கள். கப்பலில் 640 கொள்கலன்கள். அவற்றில் பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு இருந்தது. மாங்காயைப் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாகப் பயன்படுத்தப்படும் அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்கும். முதல் நாள் செய்திகள் எல்லாம் இந்தக் கல்லையும் கப்பலின் எரிபொருள் எண்ணெயையும் சுற்றியே இருந்தன. ஆனால் கரைக்கு வந்து நெடுநாள் தங்கியது பிளாஸ்டிக் குருணை. திருவனந்தபுரம், குமரி எனத் தொடங்கி, பருவக்காற்றோடு ஓடும் நீரோட்டத்தில் முனையைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரை போனது. ஜூனில் இலங்கையின் மன்னார்க் கரையிலும் ஏறியது.

குடம், வாளி, பால் உறை, ஐஸ் பெட்டி, மீன்வலை, மருந்துக் குப்பி எல்லாம் பிறப்பது இந்தக் குருணையை உருக்கித்தான். ஒரு மணி 2 முதல் 5 மில்லிமீட்டர். எடை 20 மில்லிகிராம் அளவு. 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் கடலில் கொட்டும். பாலிஎத்திலீன் கடல்நீரைவிட லேசானது என்பதால் அத்தனையும் மிதக்கும்.

பிளாஸ்டிக் மாசு என்றதும் கண்முன் வருவது கேரிபேக்கும் உறிஞ்சுகுழலும்தான். பழியும் பையைக் கையில் வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது; பின்னர் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. இரண்டும் தேவையானவை. ஆனால் குருணைக்கு ‘பயன்படுத்தியவர்’ என்று ஒருவரே கிடையாது. அது பொருளாகும் முன்பே குப்பையாகிறது.

இந்தப் பாடத்தை இலங்கை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே படித்துவிட்டது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல். அதில் ஏற்றியிருந்த நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்று வழியிலேயே கசியத் தொடங்கியது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் அதை இறக்கிக்கொள்ள இயலாது என்று கைவிரித்தன. கசிவோடே கொழும்புக்கு வந்து நங்கூரமிட்ட கப்பலில் 2021 மே 20 அன்று தீப்பிடித்தது. நாள்கணக்காக எரிந்து, ஜூன் 2 அன்று ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் முயற்சியின்போது பின்பக்கம் தரைதட்டி அமிழ்ந்தது. 1,486 கொள்கலன்கள். குருணை மட்டும் ஏறத்தாழ 1,680 டன். உலகில் இதுவரை பதிவான குருணைக் கசிவுகளில் மிகப் பெரியது இதுதான்.

நீர்கொழும்புப் பக்கமுள்ள சரக்குவ கடற்கரையின் அன்றைய படங்களைப் பார்த்தால் மணல் தெரியாது; வெள்ளைப் போர்வை விரித்தாற்போல் இருக்கும். மண்வெட்டியால் வாரியதெல்லாம் முதல் வாரத்தோடு சரி. மிச்சம் மணலோடு கலந்துவிட்டது. அதைப் பிரிக்கும் வேலை அரிசியில் கல் பொறுக்குவதைவிடப் பொறுமை கேட்பது. ஈர மணல் சல்லடையில் இறங்காது, கட்டியாக நிற்கும். காயவைத்துச் சலிக்க வேண்டும். அல்லது வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்க வேண்டும். மணல் அடியில் தங்க, குருணை மேலே வரும். கூடவே சிப்பித் தூளும் காய்ந்த பாசியும் வரும். அவற்றைக் கையால் விலக்க வேண்டும். இப்படி ஒரு முழம் சுத்தமாக்கி நிமிர்ந்தால் அடுத்த அலை இன்னும் ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்து போடும்.

தீ வேறொரு சிக்கலையும் சேர்த்தது. எரிந்தும் உருகியும் போன குருணை கரிய, பழுப்புக் கட்டிகளாக ஒதுங்கியது. பார்வைக்குக் கூழாங்கல். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் இந்தக் கட்டிகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். எரியாத வெள்ளை மணியைவிட இவற்றில் வேதிப்பொருள்கள் பலவாக இருந்தன. எளிதில் பொடிந்தும் போயின. வெள்ளைக் குருணையாவது கண்ணுக்குத் தெரியும். மணலின் நிறத்தில் கிடப்பதை யார் பொறுக்குவது?

2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 417 கடலாமைகள், 48 டால்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்கியது அதில் இடம்பெற்றது. இவற்றில் எத்தனை குருணையால், எத்தனை அமிலத்தால், எத்தனை வெப்பத்தால் என்று உடலுக்கு உடல் பிரித்துச் சொல்வது எளிதன்று. நீதிமன்றம் கப்பலை மொத்தமாகவே எடுத்துக்கொண்டது. சரியான அணுகுமுறைதான், ஆமை தனித்தனி ரசீது கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கடல்வழிச் சரக்கு விதிகளில் குருணை கட்டாயமாக ‘ஆபத்தான சரக்கு’ என்று வகைப்படுத்தப்படவில்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024-இல் சில பரிந்துரைகளை வெளியிட்டது. நல்ல மூட்டையில் கட்டுங்கள், முடிந்தவரை கப்பலின் மேல்தளத்தில் வைக்காதீர்கள், சரக்கு விவரத்தில் குறிப்பிடுங்கள் என்ற அளவில். எல்லாம் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற ரகம். கார்பைடுக்கு இருக்கும் மரியாதை குருணைக்குக் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இது புதிய செய்தியும் அல்ல. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட் கார்ப்பென்டர் சர்காசோ கடலில் பாசி அரிக்க வலை விட்டபோது பிளாஸ்டிக் துணுக்குகள் சிக்கின. சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 துண்டுகள் என்று கணக்கிட்டு 1972-இல் எழுதினார். அதற்கு 32 ஆண்டுகள் கழித்து, 2004-இல்தான் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்ப்சன் எழுதிய கட்டுரையால் ‘மைக்ரோபிளாஸ்டிக்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆலைகள் சும்மா இருக்கவில்லை. 1950 தொடங்கி 2015 வரை உற்பத்தியான பிளாஸ்டிக் 830 கோடி டன் என்று 2017-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடுதான்.

கடல் உயிர்களுக்கு இதனால் தீங்கு உண்டா என்ற கேள்வியில் இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. வயிறுகளே சாட்சி. 2018-இல் தாய்லாந்தின் சொங்க்லா பகுதியில் ஒதுங்கிய ஒரு பைலட் திமிங்கிலத்தின் வயிற்றில் 80-க்கும் மேற்பட்ட பைகள் இருந்தன, எடை 8 கிலோ. அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸின் தாவோ வளைகுடாவில் இறந்த அலகுத் திமிங்கிலத்துக்குள் 40 கிலோ. இரைப்பை நிறைந்திருக்கும், உடல் பட்டினியில் வற்றியிருக்கும். ஆமைகள் பற்றி 2018-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் கணக்காகச் சொல்கிறது: வயிற்றில் 14 துண்டுகள் சேர்ந்தால் அந்த ஆமை சாவதற்குச் சரிபாதி வாய்ப்பு.

மிதக்கும் பையைச் சொறிமீன் என்று ஏமாந்து ஆமை விழுங்குகிறது என்பது பள்ளிப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட விளக்கம். பொய்யில்லை, ஆனால் பாதிதான். கடலில் சில வாரம் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படர்கின்றன. அப்போது அது இரையின் வாசனை வீசத் தொடங்குகிறது. தொட்டியில் வளர்த்த ஆமைகளிடம் 2020-இல் இதைச் சோதித்தார்கள். புதிய பிளாஸ்டிக்கின் வாடையை அவை சட்டை செய்யவில்லை. கடலில் ஊறிப் பாசி படிந்ததன் வாடைக்கு, மீன் வாடைக்குக் காட்டிய அதே ஆர்வத்தைக் காட்டின. மோப்பத்தால் இரை தேடும் கடற்பறவைகளும் இதே கண்ணியில்தான் விழுகின்றன. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுப் பறவைகளின் இரைப்பையில் பிளாஸ்டிக் உராய்ந்து உராய்ந்து தழும்பேறிய திசுவைக் கண்ட ஆய்வாளர்கள் 2023-இல் அதற்குப் ‘பிளாஸ்டிகோசிஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரியானா அகழியின் ஆழத்தில் பிடிபட்ட இறால் போன்ற ஒரு புதிய சிற்றுயிரின் உடலிலும் பிளாஸ்டிக் இருந்தது. 2020-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயர் யூரித்தினிஸ் பிளாஸ்டிகஸ்.

விழுங்குவதைவிடச் சிக்குவது கொடிது. பசிபிக்கின் பெரும் குப்பைத் திட்டில் மிதப்பது ஏறத்தாழ 79,000 டன் என்று 2018-இல் மதிப்பிட்டார்கள். எடைக் கணக்கில் அதில் 46 விழுக்காடு மீன்வலை. கைவிடப்பட்ட, அறுந்துபோன இந்த வலைகளைத் தமிழ்ச் செய்திகள் ‘பேய்வலை’ என்கின்றன. ஆள் இல்லாமலேயே மீன் பிடித்துக்கொண்டிருப்பதால் பொருத்தமான பெயர்தான்.

மீனவர் யாரும் வலையை விரும்பிக் கடலில் விடுவதில்லை. அது அவர் முதல். நீரோட்டம் மாறி வலை கடலடிப் பாரில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் படகு சாயும், அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விசைப்படகு மேலே ஓடி நாட்டுப்படகின் வலையை அறுத்துக்கொண்டு போவதும் உண்டு. அந்தச் சண்டைகள் தமிழகக் கடலோரத்தில் பழையவை. அந்தக் காலத்துப் பருத்தி, சணல் வலைகள் தொலைந்தாலும் சில மாதத்தில் மக்கிப்போகும். அதனாலேயே அவற்றை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நைலான் வந்தபோது அந்த வேலை ஒழிந்தது. தங்கூசி வலை மலிவு, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, மக்காது. மீனவருக்கு வரமாக இருந்த மூன்று குணமும் வலை தொலைந்த பின் ஆமைக்கும் கடல்பசுவுக்கும் எமனாகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளாக மூழ்கிப் பார்த்து வருகிறார்கள். பாறைகளின் மேல் அவர்கள் கண்ட குப்பையில் முதலிடம் கைவிடப்பட்ட வலைக்கே. வலை போர்த்திய பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. அலை அசைக்க அசைக்க அறுபடும். புண்ணில் நோய் புகும். ஆசிய-பசிபிக் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பவளங்களைப் பார்த்து 2018-இல் எழுதப்பட்ட கட்டுரையின்படி, பிளாஸ்டிக் தொடாத பவளத்தில் நோய் வாய்ப்பு 4 விழுக்காடு, தொட்டதில் 89.

குருணைக்குத் திரும்புவோம். அதற்கு இன்னொரு குணமும் இருக்கிறது. டோக்கியோவில் ஹிதெஷிகே தகதா என்ற பேராசிரியரின் குழு 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. கடலில் கிடந்த குருணையில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு செறிவில் பிசிபி போன்ற நச்சுகள் ஒட்டியிருந்தன. எண்ணெய்த் தன்மையுள்ள நஞ்சுகள் தண்ணீரை வெறுத்து, எண்ணெயிலிருந்து பிறந்த பிளாஸ்டிக்கைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. தகதா அத்தோடு நிற்கவில்லை. உங்கள் ஊர்க் கரையில் குருணை கண்டால் பொறுக்கித் தபாலில் அனுப்புங்கள் என்று 2005-இல் உலகத்தைக் கேட்டுக்கொண்டார். உறைகள் வந்துகொண்டே இருந்தன. கப்பல்களையும் கருவிகளையும் ஊர் ஊராக அனுப்பாமலே, எந்தக் கடலோரத்தில் எந்த நஞ்சு என்ற உலக வரைபடம் அஞ்சலட்டைச் செலவில் உருவானது.

அப்படியானால் இந்தப் பிளாஸ்டிக்கை விழுங்கிய மீனை உண்ணும் மனிதருக்கு? இங்கேதான் எழுதுபவர்கள் நிதானம் தவறுகிறார்கள். வாரத்துக்கு 5 கிராம், அதாவது ஒரு கிரெடிட் கார்டு அளவு பிளாஸ்டிக்கை ஒவ்வொருவரும் தின்கிறோம் என்ற வாசகம் 2019-இல் கிளம்பி உலகம் சுற்றியது. 2021-இல் இன்னொரு குழு துகள்களின் அளவு, எடை எல்லாவற்றையும் முறையாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது வாரத்துக்கு 4 மைக்ரோகிராம் சொச்சம் வந்தது. பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் கணக்கு இன்றும் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது.

துகள் உள்ளே போகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பை ஆராய்ந்தபோது, ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்ததைவிடக் கடல்நீரில் விளைந்த உப்பில் துகள் கூடுதலாக இருந்தது. கருவாடு விரும்பிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. மலேசியச் சந்தையில் வாங்கிய நெத்திலி, கானாங்கெளுத்தி உள்ளிட்ட நான்கு வகைக் கருவாட்டை 2017-இல் சோதித்தார்கள். குடலை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு வகையில் குடலைவிடச் சதையில் அதிகம் இருந்தது. மனித நஞ்சுக்கொடியில் துகள் கண்டதாக 2021-இல் இத்தாலியிலிருந்தும், ரத்ததானம் செய்த 22 பேரில் 17 பேருக்கு இருந்ததாக 2022-இல் நெதர்லாந்திலிருந்தும் அறிக்கைகள் வந்தன.

இருப்பதும் கெடுப்பதும் ஒன்றல்ல. கெடுதலுக்கு இதுவரை கிடைத்ததில் கனமான சான்று இத்தாலியிலிருந்து 2024 மார்ச்சில் வந்தது. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு அடைத்து அறுவை செய்துகொண்டவர்களின் படிவை மருத்துவர் ரஃபேலே மர்ஃபெல்லாவின் குழு எடுத்துச் சோதித்தது. இறுதிவரை தொடர முடிந்த 257 பேரில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ சாவோ வரும் அபாயம் மற்றவர்களைப் போல நான்கரை மடங்கு. அதிரவைக்கும் எண்தான். ஆனால் பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. உணவு, வேலை, வருமானம் போன்ற வேறு ஏதோவொன்று இரண்டையும் சேர்த்து உயர்த்தியிருக்கலாம். 2025-இல் மூளைத் திசுவில் பிளாஸ்டிக் கூடிவருகிறது என்று வந்த அமெரிக்க ஆய்வுக்கு இன்னும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. திசுவைச் சுட்டு வாயுவை அளக்கும் முறையில் கொழுப்பும் பாலிஎத்திலீன்போல் தோற்றம் காட்டும் என்பது எதிர்த்தவர்கள் வாதம்.

துகளைத் துரத்தும் இந்தப் பரபரப்பில், நெடுங்காலமாக ஆராயப்பட்ட ஒன்று பின்னால் தள்ளப்படுகிறது. பிளாஸ்டிக்கில் கலக்கும் வேதிப்பொருள்கள். நார்வே, சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் 16,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் பட்டியலாயின. 4,200-க்கும் மேற்பட்டவை உடலுக்கோ சூழலுக்கோ கேடு என்று கருதத்தக்கவை. பதினாயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்ற தகவலே இல்லை. ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் பிஸ்பினால் ஏ-யை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உட்கொண்டால் பாதகமில்லை என்ற வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது. பழைய வரம்புக்குள் நிம்மதியாக இருந்தவர்கள் ஒரே நாளில் வரம்பை மீறியவர்கள் ஆனார்கள். உணவு தொடும் பொருள்களில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதித்தது. இந்தியாவில் குழந்தைகளின் பால்புட்டிகளில் இந்த வேதிப்பொருள் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் விதி ஏற்கெனவே உண்டு. சாம்பாரைச் சூடாகக் கட்டித்தரும் பைக்கும் டப்பாவுக்கும் அந்தக் கவனம் இன்னும் வரவில்லை.

உற்பத்தியையும் இந்த வேதிப்பொருள்களையும் கட்டுப்படுத்துவதா, குப்பையை மட்டும் கவனிப்பதா என்பதில்தான் உலக ஒப்பந்தமும் முட்டி நிற்கிறது. 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் கூடிச் சட்டபூர்வ ஒப்பந்தம் செய்வதாக முடிவெடுத்தன. 2024 இறுதியில் பூசானில் முடிய வேண்டியது முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. எண்ணெய் விற்கும் நாடுகள் உற்பத்திக்கு உச்சவரம்பு என்ற பேச்சையே ஏற்கவில்லை.

கொழும்புத் தீர்ப்பின்படி முதல் தவணை 25 கோடி டாலர் 2025 செப்டம்பரில் வந்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனம் பணம் கட்ட மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னால், மன்னார்க் கரையில் இலங்கை அதிகாரிகள் மீண்டும் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கேரளக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து வந்தது.